கோலமாவில் போட்ட தெரு

ஸ்ரீவில்லிபுத்தூரில் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஊர் முன்னேற்றக் கூட்டுக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அரசாங்கம் ஒரு கை, ஊர்க்காரர்கள் ஒரு கை, ராஜபாளையத்து முதலாளி ஒரு கை என்று மூன்று கையும் சேர்ந்து ஊரைத் தூக்கி நிறுத்துவதாக ஏற்பாடு. முதல் ஆறு மாதம் அந்த மூன்று கையும் வடைத் தட்டை நோக்கி மட்டுமே சேர்ந்து நீண்டன.

அம்புஜவல்லிக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் வடை அவள் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. குழுவின் செயலாளர் அவள் கணவர் சக்ரபாணி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபாக்டரி ஒன்றில் அவருக்குக் குமாஸ்தா வேலை. அந்த ஃபாக்டரிக்கு முதலாளி திருப்பதி ராஜா, குழுவுக்குத் தலைவரும் அவரே. ஆபீசில் முதலாளி சொல்வதற்குத் தலையாட்டுவது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமையும் சொந்த ஊரில் தலையாட்டும்படி ஆயிற்று சக்ரபாணிக்கு.

அவர்கள் குடியிருந்தது புளியடிச் சந்தில், கடைசி வீடு. அதற்கப்பால் திருப்பதி ராஜா பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் சுவர் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் ரோடு. பஸ் ஹாரன் சமையலறையிலேயே கேட்கும். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறவேண்டுமானால் சந்து முழுக்கத் திரும்பி நடந்து, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தன்னை விட்டுவிட்டுப் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டபடியே சக்ரபாணி தினம் காலையில் எதிர்த் திசையில் ஓடுவார். அதெல்லாம் அம்புஜவல்லிக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பேட்டைப் பெருமாள் கோவில் தாயார், அந்தக் கோவில் வழக்கப்படி, பல்லக்கில் வீதிவலம் வருவாள். எல்லாத் தெருவுக்கும் போவாள், புளியடிச் சந்துக்கு மட்டும் வரமாட்டாள். சந்து குறுகல், பல்லக்குத் தண்டு நீளம், உள்ளே வந்துவிட்டால் திருப்ப முடியாது. தாயாரைப் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போவது வழக்கத்தில் இல்லை. அதனால் சந்து முக்கில் பல்லக்கைச் செத்த நேரம் நிறுத்துவார்கள், சந்துக்காரர்கள் தேங்காய்த் தட்டும் கையுமாக ஓடவேண்டும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அம்புஜவல்லி ஓடிக்கொண்டிருந்தாள். கோலம் என்றால் அவள் கோலம்தான் என்று ஊரே சொல்லும். மார்கழியில் வேறு தெருப் பெண்கள் மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்கவேண்டியவள் மட்டும் முக்கோடு திரும்பிப் போய்விடுவாள்.

இந்த ஆற்றாமையை அவள் ஒரே ஒரு தடவை சக்ரபாணியிடம் சொன்னாள்.

"கோவில் கூப்பிடு தூரத்துல இருக்கு. நீ போய்ச் சேவிச்சா ஆகாதா?" என்றார் அவர்.

ஆகும்தான். ஆனாலும் நாம் ஒருத்தி வாசலுக்குப் போவதும் அவள் நம் வாசலுக்கு வருவதும் ஒன்றாகிவிடுமா? இந்த ஆண்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லி மாளாது என்று அவள் விட்டுவிட்டாள்.

குழுவின் கதைக்கு வருவோம். ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பொதுநலத்தோடு தன் வீட்டு வாசலைக் காட்டினார்கள். சைக்கிள் கடை மாரிசாமிக்கு ஒரு தெருவிளக்கு வேண்டும், அது அவர் கடைக்கு நேர் மேலே எரியவேண்டும். ஹோட்டல் முத்துவீரனுக்கு ரோட்டில் ஒரு வேகத்தடை வேண்டும். பஸ் அவர் ஹோட்டல் முன்னால் நிதானித்தால்தானே உள்ளே இருக்கிறவர்களுக்குப் பரோட்டா வாசனை எட்டும்? சந்து முக்கில் கீரை விற்கிற இருளம்மாளுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும், அவள் கீரைக் கூடையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில். தலைவர் திருப்பதி ராஜா மட்டும் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. காலஞ்சென்ற தன் தகப்பனார் பெயரில் ஊர் எல்லையில் ஒரு வளைவு கட்டினால் போதும் என்றார்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெட்ட, ஆறு மாதமும் அப்படியே போயிற்று. அப்போதுதான் மேலிடத்திலிருந்து கிருபாபாய் என்கிற திட்ட அலுவலர் வந்து சேர்ந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயசு, மதுரையில் பயிற்சி முடித்த கையோடு வந்திருந்தாள். எந்த ஊரையும் சரிபண்ணிவிடலாம் என்ற நம்பிக்கை அவளிடம் அப்போது முழுசாக இருந்தது.

"முதல்ல உங்க ஊரை நீங்களே தரையில வரைஞ்சு காட்டணும். எது எங்க இருக்குன்னு எல்லாரும் சேர்ந்து பாத்தாத்தான் எது இல்லைன்னு தெரியும்" என்றாள் அவள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பள்ளிக்கூட மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். ஆண்கள் சுண்ணாம்புப் பொடியை அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். மாரிசாமி தன் சைக்கிள் கடையை முதலில் போட்டார். அதன் பக்கத்தில் கோபுரத்தைப் போடப் போனவருக்குக் கடையின் சைஸுக்குமேல் கோபுரம் எழும்பவில்லை. முத்துவீரன் ஹோட்டலில் ஆரம்பித்து ஹோட்டலிலேயே நின்றார். மைதானத்தில் பாதி தீர்ந்தபோது ஊரில் இரண்டு கட்டிடங்களும் ஒரு சண்டையும்தான் இருந்தன.

"இது வேலைக்காவாது. சாமி, வீட்டுல மாமியக் கூப்புடுங்க. அவிய கை வச்சாத்தான் இது ஊரு மாதிரி இருக்கும்" என்றார் மாரிசாமி, சக்ரபாணியிடம்.

அம்புஜவல்லி கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தாள். பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்த பொடி. எறும்புக்கு வாயில் படாத கோலம் என்ன கோலம் என்பது அவள் கட்சி. தெருக்களை வரையச் சொன்னதும் முதலில் புள்ளி வைத்தாள்.

"புள்ளி எதுக்கு மாமி?" என்று கேட்டாள் கிருபாபாய்.

"புள்ளி வைக்காம எப்படி இழுக்கறது?" என்று திருப்பிக் கேட்டாள் அம்புஜவல்லி. கிருபாபாய்க்கு அதற்குப் பதில் மதுரையில் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அவ்வளவுதான், ஊர் மளமளவென்று எழும்பியது. ரதவீதி நாலும் ஒரே அளவாக விழுந்தன. குளத்தில் தாமரை பூத்தது. ரயில் பாதை பட்டுப்புடவைக் கரை மாதிரி ஓரத்தில் ஓடியது. போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட நாலு மூலையிலும் மாங்காய் வைத்தாள். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடைசியாகப் புளியடிச் சந்து. சந்து முக்கிலிருந்து கோட்டை இழுத்து வந்தாள், இருளம்மாள் வீட்டுப் புள்ளியைச் சுற்றினாள், தன் வீட்டுப் புள்ளியைச் சுற்றினாள். அங்கே கோடு நிற்கவேண்டும்.

நிற்கவில்லை. விரலிடுக்கில் மாவு இன்னும் இருந்தது. பாவாடை கட்டின வயசிலிருந்து கோலம் போடுகிற கை அது. ஒரு இழையை நடுவழியில் அறுத்துவிட்டு எழுந்த பழக்கம் அதற்கு இல்லை. அறுந்த இழை வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை. அது தன்பாட்டுக்குத் திருப்பதி ராஜாவின் கிட்டங்கி வழியாகப் போய், ஸ்டேஷன் ரோட்டோடு இழையைச் சேர்த்து முடித்துவிட்டுத்தான் நின்றது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அழித்துவிடலாம் என்று குனிவதற்குள் திருப்பதி ராஜா போட்டோக்காரரோடு வந்து இறங்கிவிட்டார்.

"ஆகா! ஊருன்னா இதுல்ல ஊரு!" என்று சொல்லிக்கொண்டே, படத்துக்கு வாகாக இடம் தேடி நின்றார். அவர் கால் வைத்து நின்ற இடம் அவருடைய கிட்டங்கியைக் கிழித்துக்கொண்டு போன அந்தப் புதுத் தெரு. போட்டோக்காரர் இரண்டு தடவை க்ளிக் செய்தார். கிருபாபாய் அதற்குள் மொத்த ஊரையும் சார்ட் பேப்பரில் பார்த்து வரைந்து முடித்திருந்தாள்.

அம்புஜவல்லி கணவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்னா, ஒரு தப்பு பண்ணிட்டேன். நம்ம சந்தைக் கொண்டுபோய் ரோட்டுல சேத்துட்டேன்."

"எந்த ரோட்டுல?"

"ஸ்டேஷன் ரோட்டுல."

"நடுவுல முதலாளி கிட்டங்கி இருக்கே?"

"அது வழியாத்தான்."

சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோதும் முதலாளி அங்கேயேதான் நின்றார்.

"வாயைத் திறக்காதே. அவர் காதுல விழுந்தா என் வேலை போயிடும். இந்தக் கமிட்டி இன்னித் தேதி வரைக்கும் எதையாவது பண்ணிப் பாத்திருக்கியோ நீ? இதையும் பண்ண மாட்டா. பயப்படாதே" என்றார். குழு ஒன்றும் செய்யாது என்று உளமார நம்பிய ஒரே செயலாளர் அவர்தான்.

அடுத்தாற்போல் தேர்வு. கிருபாபாய் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் புளியமுத்து கொடுத்தாள். ஊருக்கு எது முதலில் வேண்டுமோ அந்த இடத்தில் போடச் சொன்னாள். எல்லாரும் கையிலிருந்த மொத்தத்தையும் தன் தன் வாசலில் கொட்டிவிட்டு அடுத்தவன் எங்கே கொட்டுகிறான் என்று பார்த்தார்கள். எல்லாக் குவியலும் சமம். கிருபாபாய் சளைக்கவில்லை. ஆளுக்கு இன்னொரு முத்து கொடுத்து, "இதை உங்க சொந்தக் காரியத்துல போடக் கூடாது. வேற எதுக்காவது போடணும்" என்றாள்.

இப்போது வந்தது சங்கடம். தெருவிளக்கில் போட்டால் மாரிசாமி ஜெயித்துவிடுவார். வேகத்தடையில் போட்டால் முத்துவீரனைக் கையில் பிடிக்க முடியாது. வளைவில் போட்டால் காலமெல்லாம் அதன் கீழே குனிந்து போகவேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் கேட்காத, எவனுக்கும் லாபமில்லாத ஒன்று எங்கே இருக்கிறது என்று கண்கள் ஊரெல்லாம் தேடின. கோலத்தில் புளியடிச் சந்தின் கடைசியில் அம்புஜவல்லி நீட்டிவிட்ட துண்டு மண்தெருவாகக் கிடந்தது. அதற்குத் தார் போடலாம் என்று மாரிசாமி ஒரு முத்தைப் போட்டார். முத்துவீரன் போட்டார். இருளம்மாள் போட்டாள். குனிந்து பார்க்க முதுகு வலித்ததால் திருப்பதி ராஜாவும் நின்றபடியே அங்கேயே போட்டார்.

வரைந்தவள் என்ற முறையில் அம்புஜவல்லிக்கும் ஒரு முத்து கிடைத்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சக்ரபாணி தலையை அசைத்தார். அவள் முத்தைக் குளத்தில் போட்டாள். குளத்துக்கு விழுந்தது அது ஒன்றுதான்.

"ஏகமனதா ஒரு ஊரு முடிவெடுத்து நான் இப்பத்தான் பாக்கேன்" என்று கிருபாபாய் கண்கலங்கிப் போனாள். எல்லாரும் கை தட்டினார்கள். வடை சாப்பிடப் போன நேரத்தில் நாலு கோழிகள் மைதானத்துக்குள் புகுந்து, போலீஸ் ஸ்டேஷனை மாங்காயோடு கொத்தித் தின்றுவிட்டுப் போயின.

சித்திரையில் ஒரு நாள் காலை, புளியடிச் சந்து முக்கில் ரோடு ரோலர் வந்து நின்றது.

ஜல்லி லாரி, தார் டின்கள், ஒரு என்ஜினீயர், கையில் வரைபடத்தோடு கிருபாபாய். எல்லாரும் சந்துக்குள் நடந்து வந்தார்கள், கடைசி வீட்டைத் தாண்டினார்கள், சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். என்ஜினீயர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"தெரு எங்கம்மா?" என்றார் கிருபாபாயிடம்.

கிருபாபாய் குழுவைப் பார்த்தாள். ஊரே கூடிவிட்டது. அம்புஜவல்லி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் குழு என்ன சொல்லியிருக்கவேண்டும்? நாங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை, அடுத்தவனுக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் முத்தைப் போட்டோம் என்று சொல்லியிருக்கவேண்டும். எந்தக் குழு அப்படிச் சொல்லும்? மாரிசாமி தொண்டையைச் செருமினார்.

"தெரு இருந்திச்சு சார். முன்னாடி இருந்திச்சு. எங்க தாத்தா மாட்டுவண்டி இது வழியாத்தான் போவும்."

"ஆமா ஆமா. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்" என்றார் முத்துவீரன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தது சாத்தூரில்.

"என் கலியாண வண்டியே இந்தத் தெருவுலதான வந்திச்சு! மேளம் கொட்டிக்கிட்டு வந்தாவ!" என்றாள் இருளம்மாள். அவளுக்குக் கல்யாணம் கூமாப்பட்டியில் நடந்தது, மாப்பிள்ளை வீடும் அங்கேயேதான். ஆனால் சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிஷத்துக்குள் அந்தத் தெருவுக்கு இரண்டு பக்கமும் வேப்பமரம் வந்துவிட்டது, ஒரு கிணறு வந்துவிட்டது, கிணற்றில் விழுந்து செத்தவள் ஒருத்தியும் வந்துவிட்டாள்.

என்ஜினீயர் இதையெல்லாம் கேட்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். "அப்படின்னா இது பொதுத் தெருவை ஆக்கிரமிச்சுக் கட்டின சுவரு. இடிச்சிற வேண்டியதுதான். யாரு சுவரு இது?"

ஊர் ஒவ்வொருவராக அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராஜபாளையத்துக்குப் போன் போயிற்று. திருப்பதி ராஜாவின் கார் வந்தது. முன்சீட்டில் சக்ரபாணி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கினதும் மனைவியைப் பார்த்து இரண்டு கையையும் லேசாகக் கூப்பினார். வாயைத் திறந்துவிடாதே என்று அர்த்தம்.

திருப்பதி ராஜா கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. என்ஜினீயர் சொன்னதைக் கேட்டார். மாரிசாமியின் தாத்தாவையும் வண்டியையும் கேட்டார். இருளம்மாளின் மேளத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுண்டிப்போயிற்று.

"இந்தக் கிட்டங்கி எங்க நாயன கட்டினது" என்றார். நாயன என்றால் அவர் வீட்டுத் தெலுங்கில் அப்பா. "கட்டும்போது நான் பிள்ள. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நாயன அடுத்தவன் வேலியில ஒரு முள்ள எடுக்க மாட்டாரு. ஊருத் தெருவையா எடுத்திருப்பாரு?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இம்புட்டுப் பேரு சொல்றீங்களே..." என்றார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அம்புஜவல்லிக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தனை பெரிய பணக்காரர், வளைவு வளைவு என்று பறந்தவர், இப்போது செத்துப்போன தகப்பனைச் சந்தியில் வைத்துக் களவாணி ஆக்கிவிட்டார்களே என்று விழித்துக்கொண்டு நிற்கிறார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் சுவர் விழுந்துவிடும். புரட்டாசியில் தாயார் வந்துவிடுவாள். இத்தனை வருஷம் ஏங்கினது தானாக வந்து வாசலில் நிற்கிறது, சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருக்க முடியவில்லை. ஒருத்தர் அப்பாவைத் திருடனாக்கித் திறந்த வழியில் தாயாரைக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. படியிறங்கி, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"இங்க தெருவே இருந்ததில்லை. என் கை பண்ணின தப்பு" என்றாள்.

சக்ரபாணி கார் பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் கோலமாவுல இழுத்துட்டேன். சந்து இங்கேயே முடியறது. கை நிக்காம ரோட்டுல கொண்டுபோய்ச் சேத்துடுத்து. அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயத்துல சொல்லலை. இவா சொல்ற வண்டி, மேளம் எல்லாம் இன்னிக்குக் காலம்பற வந்தது. உங்க அப்பா யார் தெருவையும் எடுக்கலை."

மாரிசாமி தாத்தாவின் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாபாய் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினாள், அவள் கண் மறுபடியும் கலங்கியிருந்தது, இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. என்ஜினீயர் ரோலர்காரரைப் பார்த்து, "வண்டியத் திருப்புப்பா" என்றார்.

"செத்த இருங்க" என்றார் திருப்பதி ராஜா. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவர் குரல். "ஏம்மா, கை ஏன் நிக்கல?"

"இழையைப் பாதியில விடப்படாது."

"மத்த முட்டுச் சந்தெல்லாம் முட்டுச் சந்தாத்தான போட்டீங்க? போட்டோவுல பாத்தேன், இந்த எடத்த என் காலு மறச்சிருச்சு. இது மட்டும் ஏன்?"

அவள் இதுவரை யோசிக்காத கேள்வி. ஊரில் இன்னும் மூன்று முட்டுச் சந்து உண்டு. அங்கெல்லாம் ஒரு பூவைப் போட்டு அழகாக முடித்திருந்தாள். கை நின்ற இடங்கள் அவை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எதையும் மறைக்கத் தெம்பில்லாமல் சொன்னாள்.

"இந்தச் சந்துக்குள்ள தாயார் வரமாட்டா. பல்லக்கு திரும்பாது. முக்குல நின்னுட்டுப் போயிடுவா. கல்யாணமாகி வந்த நாளா நான் முக்குக்கு ஓடறேன். ஒரு தரமாவது என் வாசலுக்கு வந்துட்டுப் போகமாட்டாளான்னு இருக்கும். அந்த நெனப்புலதான் கை போயிடுத்து போலிருக்கு. வேணும்னு பண்ணலை. ஆனா ஆசை இருந்தது வாஸ்தவம்."

சக்ரபாணி மனைவியைப் புதுசாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு என்ன தோன்றிற்றோ, பானெட்டை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். வேலை போனால் போகிறது என்கிற தைரியம் முகத்தில் தெரிந்தது. முழங்காலில் மட்டும் அது இன்னும் இறங்கவில்லை.

திருப்பதி ராஜா கிட்டங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. முதலாளி என்றால் அப்படித்தான், மனசு இளகும்போதும் தலைக்குள் ஒரு பக்கம் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"என்ஜினீயர் சார், ஆக்கிரமிப்புன்னு சொல்லி ஒரு செங்கல் தொட விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன்" என்றார். "ஆனா நானாக் குடுத்தா?"

"நீங்களாக் குடுத்தா தானம்" என்றார் என்ஜினீயர்.

"தானம்னா யாரு குடுத்ததுன்னு எழுதி வைக்கணும்ல?"

"வைக்கலாம்."

"நாயன பேருல ஒரு வளைவு? ரோட்டுப் பக்கம்?"

அன்றைக்கு வளைவை எதிர்க்கிற யோக்கியதை குழுவில் யாருக்கு இருந்தது? கிருபாபாய் சுருட்டின படத்தை அவசரமாகப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பேரம். என்ஜினீயர் லாரி போகிற அகலம் கேட்டார். பல்லக்கு போகிற அகலத்துக்கு மேல் ஒரு விரல்கூடத் தரமாட்டேன் என்றார் ராஜா. பல்லக்கு எம்புட்டு அகலம் என்று யாருக்கும் தெரியவில்லை. கோவிலிலிருந்து பல்லக்குத் தூக்குகிறவர்களைக் கூட்டி வந்து, ஒரு மூங்கிலைத் தோளில் வைத்து ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். அதில் ஒருவர் நல்ல பருமன். அவரை மாற்றவேண்டும் என்றார் ராஜா. அவர்தான் பரம்பரையாக முன்தண்டு என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் பருமனுக்குத் தக்கபடி அளவு போட்டார்கள். அந்த அகலத்துக்குள் ரோடு ரோலர் நுழையாது. வந்த வழியே அதைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"சக்ரபாணி, நாளைக்கு ஆபீசுக்கு லேட்டா வரலாம். பஸ்சுக்கு ஓட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ராஜா காரில் ஏறினார். வேலை போகவில்லை என்பதை அவர் அப்படிச் சொன்னார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. அம்புஜவல்லி விடியற்காலையில் வாசலில் உட்கார்ந்தவள் வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவில்லை. வாசலிலிருந்து புது வழியின் வாய் வரை ஒரே இழையில் கோலம். இருளம்மாள் கீரை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, காவி பூசிக் கொடுத்தாள்.

மேளச் சத்தம் முக்குக்கு வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. தாயார் சந்துக்குள் திரும்பினாள். குலுங்கக் குலுங்க மாலையும் குடையுமாக அவள் வருவதை அம்புஜவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள், தட்டை நீட்டவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

புளியடிச் சந்தில் அவள் போட்ட கோலங்கள் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். கடைசி வீட்டுக்கு அப்பால் போக வழியில்லாத இடத்தில் யார் வந்து மிதிக்கப் போகிறார்கள்? ஊரில் மற்ற பெண்கள் அதற்காகவே அவள்மேல் பொறாமைப்பட்டதுண்டு. இன்றைக்குப் பல்லக்குத் தூக்குகிறவர்கள் நேராகக் கோலத்தின் மேலேயே நடந்து வந்தார்கள். முன்தண்டுக்காரரின் அகலமான பாதம் நடுத் தாமரையில் விழுந்தது. பின்னால் வந்த நாதஸ்வரக்காரர், குடைபிடிக்கிறவர், பஜனைக் கோஷ்டி, ஊர் ஜனம் என்று அத்தனை கால்களும் ஏறி மிதித்துக்கொண்டு போயின. காவியும் வெள்ளையும் ஒன்றாகக் குழைந்துபோயின, ஒரு இழை மிச்சமில்லை. அம்புஜவல்லி தட்டோடு நின்று பொலபொலவென்று அழுதாள்.

சக்ரபாணிக்குத் தாங்கவில்லை. விடியற்காலையிலிருந்து அவள் குனிந்த குனிப்பைப் பார்த்தவர் அவர்.

"ஓய்! கண்ணு தெரியலையா? பாத்து மிதிக்கப்படாதா? கார்த்தாலேருந்து போட்ட கோலமய்யா!" என்று ஊர்வலத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். முதலாளியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"சும்மா இருங்கோன்னா" என்றாள் அம்புஜவல்லி, கண்ணைக்கூடத் துடைக்காமல். "நன்னா மிதிக்கட்டும்."